தாயும் சேயும்: நோய் எதிர்ப்பு மரபணுக்களும் தொடர் கருச்சிதைவும் – ஒரு கேள்வியின் வரலாறு



படிவம் 4 உயிரியலில் நோய் எதிர்ப்பு ஒரு பாடம். மனித இனப்பெருக்கம் இன்னொரு பாடம். மரபுவழி பற்றிப் படிவம் 5-இல் படிக்கிறோம். மூன்றையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகப் பயிற்சி செய்து, தேர்வும் எழுதிவிடுகிறோம். ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். வகுப்பில் கூர்மையான மாணவர் யாராவது இருந்தால் அதைக் கேட்டும் விடுவார்.

"டீச்சர், அந்நியமான எதுவும் உடம்புக்குள்ள வந்தா வெள்ளை அணுக்கள் தாக்கும்னு சொன்னீங்க. வயித்துல இருக்கிற குழந்தைக்குப் பாதி மரபணு அப்பாகிட்ட இருந்துதானே வருது? அம்மா உடம்பு அதை ஏன் தாக்கல?"

கேள்வி நியாயமானது. உலகின் தலைசிறந்த அறிவியலாளர்களை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக யோசிக்க வைத்திருக்கிற கேள்வி இது. இதற்கு அவசரப்பட்டுச் சொல்லப்பட்ட ஒரு பதிலை நம்பி, கரு தங்காத துயரத்தில் இருந்த எத்தனையோ பெண்கள் பலனில்லாத சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். தேர்வுக்குப் பயன்படும் செய்திகள் வழியிலேயே வரும். கடைசியில் வினாக்களும் உண்டு.

1. கேள்வி பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர்க் காலம். தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் முறையை மேம்படுத்த இங்கிலாந்தில் ஆய்வு நடந்தது. அதில் ஈடுபட்டவர் பீட்டர் மெடாவர் என்ற இளம் விலங்கியலாளர். கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார். முதலில் ஒட்டிய தோல் சில நாள் நன்றாக இருந்து பிறகு அழிந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் சீக்கிரமாக அழிந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உடம்பு அந்தத் தோலை ஞாபகம் வைத்திருக்கிறது. அம்மை நோய்க்கிருமியை ஞாபகம் வைத்திருப்பது போலவே. அப்படியென்றால் ஒட்டுத்தோல் அழிவதும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான். 1943-இல் வெளிவந்த இந்த முடிவு, பிற்கால உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டது. மெடாவருக்கு 1960-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

1953-இல் மெடாவர் இன்னொரு கட்டுரை எழுதினார். கூடப்பிறந்தவரின் தோலையே ஏற்காத உடம்பு, தந்தையின் பாதி மரபணுக்களைச் சுமக்கும் கருவை ஒன்பது மாதம் எப்படி வைத்துக்கொள்கிறது என்று அதில் கேட்டார். மூன்று விடைகள் இருக்கலாம் என்றும் சொன்னார்.

ஒன்று, தாய்க்கும் சேய்க்கும் நடுவே நஞ்சுக்கொடி சுவர் மாதிரி நின்று இருவரையும் பிரித்து வைக்கிறது. இரண்டு, கரு முதிராததால் அதன் அந்நிய அடையாளங்கள் இன்னும் தோன்றவில்லை. மூன்று, கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்பு மண்டலம் மந்தமாகிவிடுகிறது.

மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பின்னர் கிடைத்த சான்றுகள் மூன்றையுமே அப்படியே ஏற்க விடவில்லை. கருவின் செல்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து தாயின் இரத்தத்துக்குள் போகின்றன. ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் 27 ஆண்டுகள் கழித்தும் அத்தகைய செல்கள் இருந்ததை 1996-இல் டயானா பியாங்கியின் குழு அமெரிக்காவில் கண்டது. ஆக, சுவர் முழுச் சுவர் இல்லை. கருவின் அடையாளங்களுக்குத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்குவதும் உண்டு. அதைக் கீழே பார்ப்போம். கர்ப்பிணியின் எதிர்ப்பு மண்டலமும் தூங்கவில்லை, கிருமிகளோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறது.

விடைகள் நிற்கவில்லை. கேள்வி மட்டும் நின்றது.

2. செல்லின் அடையாள அட்டை

நம் எல்லோரிடமும் அடையாள அட்டை இருப்பது போல, உடம்பின் பெரும்பாலான செல்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் உள்ளன. "இது நம்ம ஆளு, இது வெளியாளு" என்று வெள்ளை அணுக்கள் இனம் காண்பது இவற்றைப் பார்த்துத்தான். மனிதரில் இவற்றுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இதன் கண்டுபிடிப்பு எலியில் தொடங்கியது. 1930-களில் லண்டனில் பீட்டர் கோரர், பின்னர் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்னெல் ஆகியோர் எலிகளில் ஒட்டுத்திசுவின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மரபணுப் பகுதியைக் கண்டறிந்தார்கள். மனிதரில் முதல் எச்.எல்.ஏ. அடையாளத்தை 1958-இல் பிரான்சின் ழான் டோசே விவரித்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் இரத்தம் அவருக்கு உதவியது. 1980-இல் ஸ்னெல், டோசே, பருஜ் பெனசெராஃப் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கோரர் 1961-லேயே மறைந்துவிட்டதால் அவருக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை.

பாடநூல்கள் அதிகம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதே 1958-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன், நெதர்லாந்தின் லைடனில் யோன் வான் ரூட் ஆகிய இருவரும் தனித்தனியே இன்னொன்றைக் கவனித்தார்கள். கருவுற்ற, குழந்தை பெற்ற பெண்களின் இரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவை கணவரின் அடையாளங்களுக்கு எதிரானவை. குழந்தை வழியாக அந்த அடையாளங்களைச் சந்தித்ததால் உருவானவை. எச்.எல்.ஏ. ஆய்வு வளர்ந்ததே இப்படிப்பட்ட தாய்மார்களின் இரத்தத்தை வைத்துத்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாயின் உடம்பு தந்தையின் அடையாளத்தைப் பார்க்கிறது, அதற்கு எதிர்ப்பொருளும் உருவாக்குகிறது. அப்படி இருந்தும் குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஒவ்வொருவருக்கும் எச்.எல்.ஏ. தொகுதி இரண்டு. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. தொகுதி பெரும்பாலும் உடையாமல் மொத்தமாகவே கடத்தப்படும். ஆகவே உடன்பிறந்தோர் இருவருக்கு இரண்டு தொகுதிகளும் ஒத்துப்போக நிகழ்தகவு 1/4. எலும்பு மச்சை மாற்றும்போது முதலில் அண்ணன் தம்பி, அக்கா தங்கையைச் சோதிப்பது இதனால்தான்.

3. வழிகாட்டிய வெற்றி

எதிர்ப்பு மண்டலத்தால் கரு பாதிக்கப்படலாம் என்ற எண்ணம் வெறும் கற்பனை இல்லை. அதற்கு உறுதியான முன்னுதாரணம் இருந்தது. அதுதான் ஆர்.எச். இரத்தப் பிரிவு. தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் தாயின் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி, பெரும்பாலும் அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். 1939-40 வாக்கில் லெவின், ஸ்டெட்சன், லாண்ட்ஸ்டைனர், வீனர் ஆகியோரின் ஆய்வுகளால் இது புரிந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குள் தடுப்பூசி வந்துவிட்டது. 1968-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஆன்டி-டி' ஊசியை இன்றும் நம் மருத்துவமனைகளில் ஆர்.எச். நெகட்டிவ் தாய்மார்களுக்குப் போடுகிறார்கள்.

காரணம் தெரிந்தது, ஊசி வந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள். தொடர் கருச்சிதைவுக்கும் இதே மாதிரி ஓர் ஊசி கிடைக்காதா என்று மருத்துவர்கள் ஏங்கியதில் வியப்பில்லை.

4. 'குறைவான வேற்றுமை' என்ற கோட்பாடு

தொடர்ந்து மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைவது தம்பதியரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு நேர்கிறது. அவர்களில் பாதிப் பேருக்காவது எத்தனை சோதனை செய்தாலும் காரணம் அகப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1980-களின் தொடக்கத்தில் ஒரு கோட்பாடு நுழைந்தது.

அதன் தர்க்கம் இப்படிப் போகிறது. கணவரின் அடையாளங்களுக்கு எதிராகத் தாய் உருவாக்கும் எதிர்ப்பொருள் தீங்கானது அல்ல. கருவை மூடிப் பாதுகாக்கும் போர்வை அது. கணவன் மனைவி இருவரின் எச்.எல்.ஏ.யும் ரொம்ப ஒத்துப்போனால், தாயின் உடம்பு கருவை 'வேறு' என்று கவனிக்காது, போர்வையும் நெய்யாது. போர்வை இல்லாத கரு கலைந்துவிடும்.

ஆர்.எச். கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வேற்றுமை ஆபத்து. இங்கே ஒற்றுமை ஆபத்து என்கிறார்கள். தலைகீழான இந்தக் கருத்து பலரையும் கவர்ந்தது. சிகிச்சையும் தானாக வந்து அமைந்தது: கணவரின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போட்டு, எதிர்ப்பொருளை வலிய உருவாக்குவது.

1981-இல் டெய்லர், ஃபாக் என்ற இருவர் வெள்ளை அணு செலுத்தி மூன்று பெண்களுக்குப் பலன் கண்டதாக எழுதினார்கள். அதே ஆண்டு ஆலன் பியரின் குழுவும் அமெரிக்காவில் எச்.எல்.ஏ. ஒற்றுமையைப் பற்றி எழுதியது. 1985-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் மௌப்ரே கட்டுப்பாட்டுக் குழு வைத்து ஒரு சோதனை செய்தார். கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது. அது 77 விழுக்காடு. தங்கள் சொந்த அணுக்களையே பெற்ற 27 பேரில் 10 பேருக்கு மட்டும் நிலைத்தது, அதாவது 37 விழுக்காடு.

77-உம் 37-உம். செய்தி பரவ இது போதாதா? பல நாடுகளில் கிளினிக்குகள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கின. குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர் பணம் கட்டி வரிசையில் நின்றார்கள்.

5. ஹட்டரைட்டுகள் சொன்ன சேதி

ஒற்றுமை உண்மையிலேயே கருவைப் பாதிக்கிறதா? இதைச் சோதிக்க எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கும் சமூகம் ஒன்று வேண்டும். சிகாகோ பல்கலைக்கழக மரபியலாளர் கரோல் ஓபர் அப்படி ஒரு சமூகத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள்தாம் ஹட்டரைட்டுகள்.

16-ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தோன்றிய கிறிஸ்தவச் சமயக் குழுவினர் இவர்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி நாடு நாடாக நகர்ந்து, 1870-களில் வட அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பகுதிக்குக் குடியேறினார்கள். கூட்டுப் பண்ணைகளில் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்கிறார்கள். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கிறார்கள். இன்றைய ஆயிரக்கணக்கானோரின் வேர், நூற்றுக்கும் குறைவான முன்னோரில் போய் முடிகிறது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் வழக்கம் இல்லாததால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடும்பத்துக்குச் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன.

1986 முதல் 1996 வரை, 111 தம்பதியரின் 251 கர்ப்பங்களை ஓபரின் குழு பின்தொடர்ந்தது. 1998-இல் முடிவு வெளிவந்தது. எச்.எல்.ஏ. தொகுதி முழுதும் ஒத்துப்போன தம்பதியரிடம் கரு இழப்பு கூடுதலாக இருந்தது. ஆக, கோட்பாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது என்று ஆகிவிட்டது.

இங்கே நம்மவர்கள் மனத்தில் உடனே ஒரு சந்தேகம் வரும். "அப்படின்னா மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் பண்ணினவங்களுக்கெல்லாம் கரு தங்காதா?" நல்ல கேள்விதான். தமிழ்நாட்டில் வடஆர்க்காடு மாவட்டத்தில், உறவுத் திருமணங்கள் மிகுந்த மக்களிடையே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராவ், இன்பராஜ் ஆகியோர் பெரிய அளவில் ஆய்வு செய்து 1977-இல் வெளியிட்டார்கள். உறவில் மணந்ததால் கரு இழப்பு குறிப்பிடும்படி கூடியதாக அவர்கள் காணவில்லை. மறைந்திருக்கும் பரம்பரை நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடும் என்பது வேறு விஷயம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'உறவில் கட்டினதால்தான் கரு தங்கவில்லை' என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ல அறிவியல் இடம் தரவில்லை.

ஹட்டரைட்டுகளிடமும் இதையே பார்க்கிறோம். ஒற்றுமை மிகுந்த அந்தச் சமூகம், பதிவில் உள்ளவற்றிலேயே மிக அதிகமாகப் பிள்ளை பெற்ற சமூகங்களில் ஒன்று. ஒரு மரபணு 'ஆபத்தைக் கூட்டுகிறது' என்பதும், 'கருவைக் கலைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. தேர்வு விடையிலும் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதப் பழகுங்கள்.

6. 1999: சோதனைக்கு வந்த சிகிச்சை

வரலாற்றின் திருப்பம் இங்கேதான் வருகிறது. ஒற்றுமைக்கும் கரு இழப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டிய அதே கரோல் ஓபர், வெள்ளை அணு ஊசி உண்மையில் பலிக்கிறதா என்று பார்க்கும் பெரிய சோதனைக்கும் தலைமை தாங்கினார். அமெரிக்காவிலும் கனடாவிலும், காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கரு இழந்த பெண்கள் கலந்துகொண்டார்கள். குலுக்கல் முறையில் 91 பேர் ஒரு பக்கம், 92 பேர் மறுபக்கம் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கணவரின் வெள்ளை அணு. மறு பிரிவுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

1999-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கருவுற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்:

– கணவரின் அணுக்களைப் பெற்றவர்கள்: 68 பேரில் 31 பேருக்குக் கர்ப்பம் 28 வாரம் தாண்டியது. 46 விழுக்காடு.
– உப்புநீர் பெற்றவர்கள்: 63 பேரில் 41 பேருக்குத் தாண்டியது. 65 விழுக்காடு.

சரியாகத்தான் படித்தீர்கள். ஊசி பலன் தரவில்லை. போட்டுக்கொண்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாகவே இருந்தது. 2002 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று அறிவித்தது. இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2017-இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் வழிகாட்டியும் சொன்னது.

அப்படியானால் 1985-இல் பலித்தது ஏன்? எண்களை மறுபடி பாருங்கள். 1985 சோதனையில் கட்டுப்பாட்டுக் குழுவில் வெற்றி 37 விழுக்காடுதான். 1999-இல் வெறும் உப்புநீருக்கே 65 விழுக்காடு. மூன்று முறை கரு இழந்த பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அடுத்த கர்ப்பம் தானாகவே நிலைக்கக்கூடும். சின்னக் குழுவை வைத்துச் செய்யும் சோதனையில் தற்செயலாக ஒரு பக்கம் எண் ஏறும், மறுபக்கம் இறங்கும். கட்டுப்பாட்டுக் குழுவே இல்லாத கிளினிக்கிலோ, தானாக நிலைத்த கர்ப்பம் எல்லாம் ஊசியின் கணக்கில் எழுதப்படும். "எங்ககிட்ட வந்த பத்துப் பேர்ல ஆறு பேருக்குக் குழந்தை" என்ற விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஆறு பேரும் சும்மா இருந்திருந்தாலும் குழந்தை பெற்றிருப்பார்கள் என்பதைத்தான் அது சொல்லாது.

போர்வைக் கோட்பாடும் தளர்ந்தது. பல பிள்ளைகளை நல்லபடியாகப் பெற்ற தாய்மார்களிலும் ஏராளமானோருக்கு அந்த எதிர்ப்பொருள் இல்லை. கர்ப்பம் நெடுநாள் நிலைத்தால் எதிர்ப்பொருள் உருவாக வாய்ப்புக் கிடைக்கிறது. ஆக, நீடித்த கர்ப்பத்தின் விளைவாக வந்ததைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

7. போர் இல்லை, பேச்சுவார்த்தை

சிகிச்சை தோற்றாலும் மெடாவரின் கேள்வி தோற்கவில்லை. விடை வேறு பக்கத்திலிருந்து வரத் தொடங்கியது.

தாயின் திசுவை நேரடியாகத் தொடுவது குழந்தையின் உடல் அல்ல, நஞ்சுக்கொடியின் வெளிப்புறச் செல்கள். அந்தச் செல்களில் உறுப்பு மாற்றின்போது பெரும் சண்டையைக் கிளப்பும் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி என்ற இரு அடையாளங்களும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, ஆளுக்கு ஆள் அதிகம் மாறாத எச்.எல்.ஏ.-ஜி என்ற அடையாளம் இருப்பது 1990-இல் தெரியவந்தது. கூடவே எச்.எல்.ஏ.-சி உண்டு. தந்தையின் முத்திரை தெரிவது இந்தச் 'சி'யில்தான்.

மறுபக்கம் தாயின் கருப்பை உட்சுவரில் முதல் மாதங்களில் குவிந்திருக்கும் வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை 'இயற்கைக் கொல்லி' வகை. பெயர்தான் பயங்கரம். கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட், சார்லி லோக் ஆகியோரின் நெடுங்கால ஆய்வு, இவை கருவைக் கொல்வதில்லை என்று காட்டியது. நஞ்சுக்கொடிச் செல்கள் தாயின் இரத்தக் குழாய்களுக்குள் போய் அவற்றை அகலப்படுத்த வேண்டும். அப்போதுதான் குழந்தைக்குப் போதுமான இரத்தம் வரும். ரொம்பத் தூரம் ஊடுருவினால் தாய்க்கு ஆபத்து. ஊடுருவல் போதாவிட்டால் சேய்க்கு ஆபத்து. அந்த அளவைச் சரிபார்ப்பதில் இந்த அணுக்களுக்குப் பங்கு உண்டு.

இவ்வணுக்கள் எச்.எல்.ஏ.-சியைப் படிக்கப் பயன்படுத்தும் ஏற்பிகளுக்குக் கே.ஐ.ஆர். என்று பெயர். அவற்றின் மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமில் உள்ளன. எச்.எல்.ஏ. மரபணுக்களோ 6-ஆம் குரோமோசோமில். இரண்டும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் தனித்தனியாகக் கடத்தப்படும். மெண்டலின் தன்னிச்சைப் பிரிவு விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு இது. தாயிடம் ஒரு வகைக் கே.ஐ.ஆர்.-உம், கருவிடம் 'சி2' என்ற வகை எச்.எல்.ஏ.-சியும் சேரும்போது கர்ப்பகால இரத்த அழுத்த நோயான முன்சூல்வலிப்பு கூடுதலாகக் காணப்படுவதைச் சூசன் ஹிபியும் மோஃபெட்டும் 2004-இல் காட்டினார்கள். தொடர் கருச்சிதைவிலும் அதே போக்கைக் கண்டதாக 2010-இல் எழுதினார்கள்.

இங்கே தாயின் மரபணு கெட்டது, தந்தையின் மரபணு கெட்டது என்று எதுவும் இல்லை. அதே பெண்ணுக்கு வேறு வகை 'சி' கொண்ட கருவால் எந்தச் சிக்கலும் வராமல் போகலாம். இரண்டு பேரின் சேர்க்கையைப் பொறுத்த விஷயம் இது.

ஆனால் பழைய கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது. 'கொல்லி அணு' என்ற பெயரைக் கேட்டுப் பயந்த பெண்களுக்குக் கை நரம்பில் இரத்தம் எடுத்துச் சோதனை, அதை அடக்க ஸ்டீராய்டு, சோயா எண்ணெய்க் குழம்பு ஏற்றுதல் என்று சில இடங்களில் விற்பனை நடக்கிறது. கையில் ஓடும் இரத்தத்தின் கொல்லி அணுக்களும் கருப்பையின் கொல்லி அணுக்களும் ஒன்றல்ல. இச்சிகிச்சைகளை வழக்கமாகக் கொடுக்கப் போதுமான சான்றும் இல்லை.

8. பலித்தது எது?

எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புடைய ஒரு காரணத்துக்கு நல்ல சிகிச்சை கிடைத்திருக்கிறது. லண்டனில் கிரகாம் ஹியூஸ் 1983-இல் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி அது. தாயின் சொந்தச் செல்கூறுகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகி, இரத்தம் உறையும் போக்கைக் கூட்டி, நஞ்சுக்கொடியைக் கெடுக்கும் நிலை. 1997-இல் வெளிவந்த சோதனையில் இந்நோயுள்ள 90 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேர் குழந்தை பெற்றார்கள். ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் பெற்ற 45 பேரில் 32 பேர் பெற்றார்கள். 42-க்கு 71 விழுக்காடு. இந்தச் சோதனை நடந்ததும் அதே செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில்தான். சோதனை, இரத்தப் பரிசோதனை, மருந்து மூன்றும் இன்று பொது மருத்துவத்தின் பகுதியாகிவிட்டன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. சூல்முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கருவின் முதல் செல் பிரிவின்போது நேரும் தற்செயல் பிழை அது. படி ஏறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ வருவதில்லை.

9. வகுப்பறைக்கு

நம் சமூகத்தில் கரு தங்கவில்லை என்றால் பேச்சு முதலில் திரும்புவது பெண்ணின் பக்கம். "உடம்பு சூடு", "ராசி இல்ல", "சொன்னா கேட்கல". நாம் பாடம் நடத்தும் வகுப்பில் அப்படிப் பேச்சு வாங்கிய ஒரு தாயின் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரே அதை மௌனமாகச் சுமந்துகொண்டிருக்கலாம். ஆகவே பாடத்தில் 'தாயின் உடம்பு கருவைத் தாக்குகிறது' என்ற சொற்றொடரைத் தவிர்ப்பது நல்லது. அது தவறான அறிவியலும்கூட. 'தாயின் எதிர்ப்பு மண்டலம் கருவோடு சேர்ந்து நஞ்சுக்கொடியை அமைக்கிறது. சில சேர்க்கைகளில் அது சரியாக அமைவதில்லை' என்று சொல்லலாம்.

மாணவர்களே, இந்த வரலாற்றிலிருந்து தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காரணம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு, அதற்கு மருந்து கண்டுபிடிப்பது வேறு. எச்.எல்.ஏ. ஒற்றுமைக்கும் கரு இழப்புக்கும் தொடர்பு இருந்தது. அதை வைத்துச் செய்த ஊசியோ பலிக்கவில்லை. இரண்டையும் ஒரே ஆய்வாளர் அளந்து, அளந்ததை அப்படியே வெளியிட்டார். வீட்டில் யாராவது இப்படி ஒரு சிகிச்சைக்குப் பணம் கட்டப் போவதாகச் சொன்னால், "கட்டுப்பாட்டுக் குழு வைத்துச் சோதித்தார்களா, ஊசி போடாதவர்களுக்கு எத்தனை விழுக்காடு வெற்றி?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. கருவின் நிலைப்பு குறித்து 1953-இல் மெடாவர் முன்வைத்த மூன்று விளக்கங்களை எழுதுக. ஒவ்வொன்றையும் ஏற்க முடியாமைக்கு ஒரு சான்று தருக.

2. தந்தையின் எச்.எல்.ஏ. தொகுதிகள் அ, ஆ. தாயின் தொகுதிகள் இ, ஈ. பிள்ளைகளுக்கு அமையக்கூடிய சேர்க்கைகளைக் காட்டுக. தந்தை அ, ஆ எனவும் தாய் அ, ஈ எனவும் இருந்தால், தாய்க்கு அந்நியமான தொகுதி எதுவும் இல்லாத கரு உருவாகும் நிகழ்தகவு என்ன? (குறிப்பு: தந்தையிடமிருந்து எது வர வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள்.)

3. ஆர்.எச். பொருந்தாமை, எச்.எல்.ஏ. ஒற்றுமைக் கோட்பாடு இரண்டையும் ஒப்பிடுக. எதற்குப் பயனுள்ள தடுப்பு முறை கிடைத்தது? ஏன்?

4. உயர்நிலைச் சிந்தனை வினா: 1985, 1999 ஆகிய இரு சோதனைகளின் எண்களைப் பட்டை வரைபடமாக வரைக. கட்டுப்பாட்டுக் குழு இல்லாதிருந்தால் 1999 சோதனையின் 46 விழுக்காட்டை ஒரு கிளினிக் எப்படி விளம்பரப்படுத்தியிருக்கும்? அந்த விளம்பரத்தில் விடுபட்டது எது?